கேனா, கேன்ட்டா?

அமெரிக்கக்காரங்க எப்படிப் பேசுவாங்க என்று எங்கள் ஊரில் கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். "மூக்குல பேசுவாங்க." "வாய்க்குள்ள பபிள்கம் வெச்சு மென்னுட்டே பேசுவாங்க." "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டே வருமுங்க, எங்க வெட்டறதுன்னே தெரியாது." மூன்றாவதைச் சொன்னவர் ஒரு கட்டிங் மாஸ்டர். வெட்டுவதைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் ஊர் திருப்பூர் மாநகராட்சிக்குள் இருக்கும் 15 வேலம்பாளையம். இங்கே தைக்கிற டி-ஷர்ட் அமெரிக்கா போகிறது. அமெரிக்காவின் குரல் போனிலும் ஜூமிலும் இங்கே வருகிறது. தமிழ் சினிமா அறுபது வருஷத்துக்கு மேலாக வெள்ளைக்காரக் குரலைப் பாவனை செய்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன மூன்று பதில்களில் இருக்கும் கவனம் அந்தப் பாவனைகளில் இல்லை என்பது என் கட்சி. சினிமாவுக்கு அந்தக் குரல் ஒரு வேஷம். இங்கே அதைச் சரியாகக் கேட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் ஷிப்மென்ட் நின்றுவிடும். கேட்பது ஒரு வேலை. அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதை நம் கலைகள் இன்னும் ஒழுங்காகக் காட்டவில்லை.

1

முதலில் ஓசை. என் தலைமுறைப் பையன்களுக்கு அமெரிக்கக் குரல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில்தான் அறிமுகம். டென் ஸ்போர்ட்ஸில் சட்டை போடாத ஒருவர் மைக்கைப் பிடித்துக் கோபமாக ஏதோ சொல்வார், அரங்கம் அதிரும். அண்டர்டேக்கர் என்ன சொன்னார் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. யாரை அடிக்கப் போகிறார் என்பது மட்டும் தெரியும். ஆனால் மறுநாள் ஸ்கூலில் அதே மாதிரி பேசிக் காட்ட எல்லோராலும் முடிந்தது. சொல் ஒன்றும் இருக்காது, ஓசை மட்டும் அச்சு அசலாக வரும்.

1972-இல் இத்தாலியப் பாடகர் அட்ரியானோ செலன்டானோ இதையே ஒரு பாட்டாகப் போட்டார். ‘பிரிசென்கொலினென்சினைன்சியுசொல்’ என்று தலைப்பே நாக்கைப் புரட்டும். அந்தப் பாட்டு முழுக்க அர்த்தமில்லாத ஒலிகள்தான். அமெரிக்க இங்கிலீஷ் ஓர் இத்தாலியக் காதில் எப்படி விழுமோ அப்படி. இன்றைக்குக் கேட்டாலும் ‘இதோ புரிஞ்சிரும்’ என்றே இருக்கும், கடைசிவரை புரியாது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கை. தெரியாதவர்களுக்கு எந்த அமெரிக்கப் பாட்டுமே இப்படித்தான்.

அர்த்தத்தை எடுத்துவிட்ட பிறகும் அது அமெரிக்க ஓசை என்று எப்படித் தெரிகிறது? எல்லாப் பட்டியலும் போடப் போவதில்லை, தமிழ்க் காதுக்குச் சம்பந்தமான மூன்று விஷயங்கள் போதும்.

ஒன்று, அவர்களுடைய ‘ர்’. ‘கார்’, ‘ஆர்டர்’ என்று நாம் சொல்கிற இடத்தில் நாக்கு எதையும் தொடாமல் பின்வாங்கி நிற்கும். சிலர் நுனியை மடக்குவார்கள், சிலர் நடுநாக்கைத் தூக்குவார்கள், காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தமிழ் எழுத்து ழகரம். ‘காழ்’, ‘ஓழ்டழ்’. வேறு எந்த நாட்டானுக்கும் வராது என்று நம் மேடைகளில் முழங்கப்படும் ழகரத்தை டெக்சாஸில் ஒரு லாரி டிரைவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்மில் பலர் ‘வாளப்பளம்’ பக்கம் போய்விட்டோம்.

இரண்டு, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் அவர்களுடைய ‘ட்’. ‘வாட்டர்’, ‘பெட்டர்’, ‘சிட்டி’ ஆகிய சொற்களில் நாக்கு நுனி மேலே ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடும். ‘மரம்’ என்று சொல்லும்போது நம் நாக்கு செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அதனால் நம் காதில் ‘வாரழ்’, ‘பெரழ்’, ‘சிரி’ என்று விழும். சுருக்கமாகச் சொன்னால், நாம் ட எழுதும் இடத்தில் அவர்கள் ர சொல்கிறார்கள், நாம் ர எழுதும் இடத்தில் ழ சொல்கிறார்கள். மூன்று ஒலியும் நம்மிடம் இருக்கிறது. வேறு வேறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்று, மூக்கு. ‘மேன்’, ‘கேன்’ போன்ற சொற்களில் ன் வருவதற்கு முன்பே அவர்கள் உயிரொலியை மூக்குக்கு ஏற்றிவிடுவார்கள். இதைத்தான் எங்கள் ஊர் ‘மூக்குல பேசறாங்க’ என்கிறது. சொல்வது யார்? ‘வாங்க’வை ‘வாங்’ என்றும், ‘சரிங்க’வை ‘சரிங்’ என்றும் மூக்கிலேயே முடிக்கிற கொங்குக்காரர்கள். இதில் கொங்குக்கு மட்டும் தனி உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் எவருடைய பேச்சிலும் ‘வந்தான்’, ‘மரம்’ என்பவற்றின் கடைசி மெய் உதிர்ந்து மூக்கொலியாகத்தான் நிற்கிறது. அவரவர் மூக்கு அவரவர் காதுக்குக் கேட்பதில்லை.

ஆக, அமெரிக்க ஓசை நமக்கு அந்நியமானது இல்லை. நமக்குத் தெரிந்த ஒலிகளையே எதிர்பாராத இடத்தில் போடுகிறது. போன் லைனில் அந்த இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கிடைப்பது அரை நொடி.

2

அந்த அரை நொடிக்கு இங்கே விலை உண்டு.

திருப்பூரின் ஏற்றுமதிக் கதையை 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பனியன் தேடி வந்ததிலிருந்து தொடங்குவார்கள். செலன்டானோவின் பாட்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்கப் பேச்சைப் புரியாத ஓசையாக வைத்து ஹிட் பாட்டு போட்ட நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார், இங்கிலீஷைக் காதால் கேட்டதைவிட ஏட்டில் படித்தது அதிகமான ஊர்க்காரர்களோடு பேசுகிறார். இரண்டு பக்கமும் இரவல் மொழி. அதில் ஒரு சமத்துவம் இருந்தது. 

ஐரோப்பிய பையர்களோடு பேசுவது சுலபம் என்று இன்றும் மெர்ச்சண்டைசர்கள் சொல்வார்கள். "ஜெர்மன்காரர் பேசுனா எழுதிக்கலாமுங்க. அமெரிக்காக்காரர் பேசுனா ரெக்கார்ட் பண்ணிக்கோணும்" என்றார் தெரிந்த ஒருவர். இது வெறும் மனப்பிரமை இல்லை. டெஸ்ஸா பென்ட், ஆன் பிராட்லோ என்ற இரு அமெரிக்க மொழியியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு, அதை நன்றாகக் கற்றுக்கொண்ட வேற்றுமொழிக்காரரின் பேச்சு, தாய்மொழிக்காரரின் பேச்சுக்கு இணையாகவே புரிகிறது என்று அது காட்டியது. கற்றுக்கொண்டவருக்கு எங்கே வழுக்கும் என்று தெரியும், அதனால் பார்த்து நடக்கிறார். பிறந்ததிலிருந்து அதிலேயே இருப்பவர் ஓடுகிறார்.

ஆனால் பெரிய ஆர்டர் ஓடுகிறவரிடம் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 45 ஆயிரம் கோடி ரூபாய். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. எனவே கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எதைக் கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். கவிதையோ தத்துவமோ இல்லை, எண்கள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஓர் எண் இருக்கிறது, அதை இங்கிலீஷில் சொன்னால் போதும், பிரச்சினை விளங்கிவிடும். ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? இங்கிலீஷ்காரர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் எந்த அசையை அழுத்துகிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். தமிழில் அசையை அழுத்துவதால் சொல்லின் அர்த்தம் மாறுவதில்லை, அதனால் நம் காது அழுத்தத்தைத் தேடுவதில்லை. கடைசி ன் வருகிறதா என்று பார்க்கிறது. அமெரிக்கரோ அந்த ன்னை மூக்குக்குள் கரைத்துவிடுகிறார்.

இதில் எங்கள் ஊர் மெர்ச்சண்டைசர் ஒருவர், அவராகவே கண்டுபிடித்த ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். "ர கேட்டா நாப்பது, ட கேட்டா பதினாலு." யோசித்துப் பார்த்தால் முழுக்கச் சரி. ‘ஃபார்ட்டி’யில் அமெரிக்கர் ட்டை ரகரமாகத் தட்டிவிடுவார், ‘ஃபோர்டீ’னில் அந்த அசை அழுத்தம் பெறுவதால் ட் தெளிவாக விழும். முப்பது, பதின்மூன்றுக்கும் இதே கணக்கு. ஒலியியல் புத்தகத்தில் ஒரு பக்கம் விளக்க வேண்டியதை, அந்தப் புத்தகத்தைப் பார்த்தே இராத ஒருவர் ஆறு சொல்லில் சொல்லிவிட்டார். கேள்வி ஞானம் என்று நம் ஆள்கள் சொன்னது இதைத்தான்.

எண்ணைவிட ஆபத்தானது ‘முடியும்’, ‘முடியாது’. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ‘கேன்’, ‘கான்ட்’. உயிரொலியே வேறு, குழப்பமில்லை. அமெரிக்கருக்கு ‘கேன்’, ‘கேன்ட்’. அந்த ட்டையும் அவர் வெளியே விடமாட்டார், தொண்டையில் நிறுத்திக்கொள்வார். அவர் காதுக்கு வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘முடியும்’ என்னும்போது அந்தச் சொல் ‘க்ன்’ என்று சுருங்கிவிடும், ‘முடியாது’ என்னும்போது முழுசாக, அழுத்தமாக வரும். அதாவது, நம் காதுக்கு ‘கேன்’ என்று தெளிவாகக் கேட்டால் அது ‘முடியாது’வாக இருக்க வாய்ப்பு அதிகம். லேப் டிப்பை இந்த ஷேடில் ஏற்றுக்கொள்வார்களா, கப்பல் தேதியை ஒரு வாரம் தள்ளுவார்களா என்பதெல்லாம் இந்தத் தொண்டையில் நின்றுபோன ஒரு ட்டைப் பொறுத்தது.

கேட்கவில்லை என்றால் என்ன செய்கிறார்கள்? முதலில் ‘யெஸ், ஷ்யூர்’ என்கிறார்கள். இது சம்மதம் இல்லை, அவகாசம் வாங்குவது. போனை வைத்ததும் கூட இருந்தவரிடம் "கேன்னானா, கேன்ட்னானா?" என்று கேட்கிறார்கள். பிறகு மெயில் போகிறது: இன்று பேசியதை உறுதிசெய்யவும். எழுத்தில் ட் தொலையாது. வியாபார ஒழுங்குக்காக என்றுதான் இந்த மெயில் பழக்கத்துக்குக் காரணம் சொல்வார்கள். பாதி காரணம் காது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது கூடுதல் வரியை இரண்டு தவணையாக ஏற்றி, 27-ஆம் தேதி முதல் 50 சதவீதம் ஆக்கியபோது டீக்கடை போன்களிலெல்லாம் டிரம்ப் பேசிக்கொண்டிருந்தார். ‘டேரிஃப்’ தமிழ்ச் சொல் ஆகிவிட்டது. சின்னச் சின்னச் சொற்கள், சொன்னதையே திரும்பச் சொல்வது என்று அவர் பேச்சு கேட்பவருக்குச் சுலபமானது. "அவர் இங்கிலீஷு புரியுதுங், அவரைத்தான் புரியல" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. ஷிப்ட் இருக்குமா இருக்காதா என்ற கவலையோடு சிரித்த சிரிப்பு. அந்தக் குரலைக் கேட்கலாம், அதனிடம் ஒன்றும் கேட்க முடியாது.

3

இப்படிக் கேட்டுக் கேட்டு வாழ்கிற ஊரிலிருந்து நம் சினிமாவைப் பார்த்தால் என்ன தெரிகிறது?

1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் ஜாக்சன் துரையிலிருந்து தொடங்கும் மரபு ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர் தமிழை வளைத்துப் பேசுவார், தகரம் டகரமாகும், வினைமுற்று தடுமாறும். சி.ஆர்.பார்த்திபன் அதைக் கம்பீரமாகச் செய்தார், பின்னால் வந்தவர்கள் கேலிச்சித்திரமாகச் செய்தார்கள். அந்தப் படத்தில் இதற்கு அரசியல் நியாயம் இருந்தது. சுதந்திரம் வந்து 12 வருஷம், ஆண்டவன் நம் மொழியில் தடுமாறுவதைப் பார்க்க நமக்கு ஆசை. ஆனால் அந்த ஆசை சம்பிரதாயமாக இறுகிவிட்டது. அமெரிக்கராக இருந்தாலும் ஆங்கிலேயராக இருந்தாலும் சினிமாவில் அதே ‘ட’ தமிழ்தான்.

இதிலிருந்து விலகிய பெரிய முயற்சி 2008-இல் வந்த ‘தசாவதாரம்’. கே.எஸ்.ரவிக்குமார் இயக்கம், கமல்ஹாசனுக்குப் பத்து வேடம். அதில் கிறிஸ்டியன் ஃபிளெட்சர் என்ற முன்னாள் சி.ஐ.ஏ. ஆளும் உண்டு, ஜார்ஜ் புஷ்ஷும் உண்டு. முகம் செய்ய ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோர் வந்தார். குரலைக் கமலே பார்த்துக்கொண்டார். கமலின் காது சாதாரணக் காது இல்லை. அதே படத்தில் பல்ராம் நாயுடுவின் தெலுங்குத் தமிழையும், பூவராகனின் தென்கோடித் தமிழையும் கேளுங்கள். அந்த மனிதர்கள் எந்த ஊரில் வளர்ந்தார்கள், யாரிடம் பேசிப் பழகினார்கள் என்பதெல்லாம் குரலில் இருக்கிறது. நாயுடு பேசும்போது எனக்கு முகமூடி மறந்துபோகிறது.

ஃபிளெட்சர் பேசும்போது முகமூடி மட்டுமே தெரிகிறது. கரகரப்பு இருக்கிறது, இழுவை இருக்கிறது, ழகரம்கூட இருக்கிறது. ஆனால் அவர் அமெரிக்காவில் எந்த ஊர்? டெக்சாஸா, பாஸ்டனா? தமிழில் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் கேட்கும் காது, அட்லாண்டிக்கைத் தாண்டியதும் ஒரே ஊரைத்தான் கேட்கிறது: ‘ஃபாரின்’. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிளெட்சர் அத்தனை பரபரப்பிலும் நமக்குப் புரியும்படிதான் பேசுகிறார். புரியாவிட்டால் எடுத்துச் சொல்ல மொழி தெரிந்த ஜாஸ்மின் பக்கத்தில் இருக்கிறார். துரத்தல், கொலை, சுனாமி எல்லாம் உள்ள படத்தில், அமெரிக்கர் சொன்னது ஒரு தமிழருக்குக் காதில் பிடிபடாமல் போகும் சின்ன விபத்து கதையைத் திருப்பும் சம்பவமாக ஆவதில்லை. எங்கள் ஊரில் தினம் நடப்பது அதுதான்.

அதைக் காட்டிய படம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கௌரி ஷிண்டேவின் ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’, 2012. தமிழிலும் வந்தது, அமிதாப் செய்த சிறு வேடத்தை இங்கே அஜித் செய்தார். நியூயார்க் காபிக் கடையில் ஸ்ரீதேவி வரிசையில் நிற்கிறார். கவுன்டரில் இருப்பவர் கேள்வி மேல் கேள்வி வீசுகிறார். ஒவ்வொன்றும் பள்ளிக்கூட இங்கிலீஷ்தான், எழுதிக் காட்டினால் யாருக்கும் புரியும். அந்த வேகத்தில், அந்த ஓசையில், பின்னால் வரிசை நிற்கும்போது புரியாது. புனேயிலிருந்து போன ஸ்ரீதேவியின் முகத்தில் ஒரு காது தோற்பது தெரிகிறது. இந்தியத் திரையில் அமெரிக்க உச்சரிப்பைப் பற்றி எடுக்கப்பட்ட மிக உண்மையான காட்சி அது என்று நினைக்கிறேன். உச்சரிப்பைப் பேசுபவர் வாயில் வைக்காமல் கேட்பவர் உடம்பில் வைத்தது.

ஆனால் அதற்குப் பிறகு படம் என்ன செய்கிறது? சசி இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள நான்கு வார வகுப்புக்குப் போகிறார். இட்லிக்கு ஏங்கும் தமிழ் சாஃப்ட்வேர் பையன் உட்பட அந்த வகுப்பே அழகு. பென்ட், பிராட்லோ ஆய்வைப் படமாக எடுத்த மாதிரி, இரவல் இங்கிலீஷ்காரர்கள் ஒருவரையொருவர் சுலபமாகப் புரிந்துகொள்கிறார்கள். கடைசியில் சசி கல்யாண வீட்டில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், நாம் கண் கலங்குகிறோம். எனக்கும் கலங்கியது. என் குறை இதுதான்: காபிக் கடையில் உடைந்தது பேச்சு இல்லை, கேட்பது. படம் கேட்கும் காயத்துக்குப் பேசும் மருந்தைப் போடுகிறது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்வியைக் காட்சி எழுப்புகிறது, முடிவு அதை மறந்துவிடுகிறது. குறை முழுக்கக் கேட்டவள் பக்கமே நின்றுவிடுகிறது.

தமிழில் ‘கேள்’ என்பதற்கு இரண்டு அர்த்தம். காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேட்பதும் அதுதான். நம் மொழி இரண்டையும் ஒரே வேலையாக நினைத்திருக்கிறது, காதில் சரியாக விழவில்லை என்றால் திரும்பக் கேட்பது இயல்பு என்பது போல. அமெரிக்கக் குரல் முன்னால் வந்தால் இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சசியால் காதால் கேட்க மட்டும்தான் முடிகிறது. ‘யெஸ், ஷ்யூர்’ என்கிற மெர்ச்சண்டைசருக்கும் அதே நிலைமை.

4

இதையே எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். அமெரிக்கர்கள் நம் உச்சரிப்பை வேஷம் போட்டபோது என்ன நடந்தது?

‘தி சிம்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் அபு என்ற இந்தியக் கடைக்காரருக்கு 1990-இலிருந்து 2020 வரை குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். அந்தக் குரல் இந்திய வம்சாவளிக் குழந்தைகளைப் பள்ளிக்கூடங்களில் எப்படித் துரத்தியது என்று ஹரி கொண்டபோலு 2017-இல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். அபுவும் ஃபிளெட்சரும் தொழில்நுட்பமாக ஒரே வகை, அடுத்தவர் உச்சரிப்பைச் சட்டை மாதிரி மாட்டிக்கொள்வது. ஆனால் ஃபிளெட்சரால் எந்த அமெரிக்கக் குழந்தைக்கும் வகுப்பில் பட்டப்பெயர் வைக்கப்பட்டிருக்காது. பாவனை ஒன்றே ஆனாலும் எடை ஒன்றில்லை. விமர்சனம் இந்த எடையைப் பார்க்காமல் ‘இருவரும் கேலி செய்தார்கள், சமம்’ என்று முடித்தால் அது தராசைத் தூக்கிப் பார்க்காத வியாபாரம்.

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் ஜனநாயகக் கட்சி மாநாட்டு உரையில் தன் ‘சித்தி’களைக் குறிப்பிட்டார். அமெரிக்க நாக்கில் அந்தத் தகரம் கொஞ்சம் டகரம் பக்கம் சாய்ந்தது, பன்மைக்கு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டது. தமிழ்நாடே கொண்டாடியது. யாரும் உச்சரிப்பைத் திருத்தவில்லை, திருத்தவும் வேண்டியதில்லை. அதே நாளில் சென்னையில் ஏதோ ஒரு கால் சென்டர் பயிற்சி அறையில் ஒரு பையனிடம் ‘உனக்கு எம்.டி.ஐ. இருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள். தாய்மொழித் தாக்கம் என்பதன் இங்கிலீஷ்ச் சுருக்கம் அது. காய்ச்சல் இருக்கு, சுகர் இருக்கு என்கிற மாதிரியே சொல்வார்கள். அமெரிக்கருக்கு நம் மொழியில் இருக்கும் தாக்கம் பாசம், நமக்கு அவர் மொழியில் இருக்கும் தாக்கம் நோய்.

சரி, அமெரிக்க உச்சரிப்பையே கற்றுக்கொண்டால்? அதற்கும் ஊரில் பெயர் இருக்கிறது: பீட்டர். ஆபீஸ் காலில் ‘வாரழ்’ சொல்லாவிட்டால் அங்கே புரியாது, ஊரில் ‘வாரழ்’ சொன்னால் இங்கே மதிக்கமாட்டார்கள். என் தொழிலில் இருக்கும் பலரும் இரண்டு நாக்கோடுதான் வாழ்கிறோம். மைக் ம்யூட்டில் போனதும் நாக்கு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது இதற்கு மென்பொருளும் வந்துவிட்டது. சனாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செயலி, பேசுகிறவரின் உச்சரிப்பை அந்த நொடியிலேயே மாற்றித் தருகிறது. இந்தியக் கால் சென்டர்களில் இந்த வகைத் தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. ஒலியை வெட்டி, மாற்றி, ஒட்டி, காதில் உறுத்தாத தாமதத்தில் அனுப்புவது எவ்வளவு கடினமான வேலை என்று தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. நான் பார்ப்பது அது விற்கப்படும் திசையை. இந்தியர் பேசுவதை அமெரிக்கர் காதுக்கு வழவழப்பாக்கத்தான் முதலில் காசு புரள்கிறது. அமெரிக்கர் பேசுவதை வேலம்பாளையம் மெர்ச்சண்டைசர் காதுக்கு, அந்தத் தொலைந்த ட்டைத் திரும்ப ஒட்டிக் கொடுப்பதும் கணக்குப்படி அதே சிக்கல்தான். அதை விளம்பரமாக நான் பார்த்ததில்லை.

யந்திரத்தின் காதும் நடுநிலையாக இல்லை. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் பேச்சுணர் மென்பொருள்களைச் சோதித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளை அமெரிக்கர்கள் பேசினால் நூற்றுக்கு 19 சொற்கள் பிழையாயின, கறுப்பின அமெரிக்கர்கள் பேசினால் 35. அமெரிக்காவுக்குள்ளேயே எது ‘அமெரிக்க உச்சரிப்பு’ என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நாம் இங்கே உட்கார்ந்து ‘அமெரிக்கக்காரங்க மூக்குல பேசுவாங்க’ என்னும்போது அந்தத் தீர்மானத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம்.

5

இத்தனையும் சொல்லிவிட்டு, பழியை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு எழுந்து போகலாம். எங்கள் ஊர் அதற்கு விடாது.

வேலம்பாளையத்தின் எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் கொங்குத் தமிழில் வேகமாக ஏதோ சொல்கிறார். "அந்தப் பீஸை எடுத்துப்போட்டு இதையக் கட்டி அங்க வெய்யி, செக்கிங்குக்கு அப்பறம் போலாம்." ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் அந்தப் பேச்சில் எங்கே வெட்டுவது என்று அந்த ஒடியாக்காரப் பையனுக்குத் தெரியவில்லை. அவன் தலையை ஆட்டி ‘சரிங்’ என்கிறான். அந்த ‘சரிங்’, மேல்மாடியில் ஏசி அறையில் மெர்ச்சண்டைசர் சொல்கிற ‘யெஸ், ஷ்யூர்’ஸின் நேர் மொழிபெயர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். மேலே மெயில் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. கீழே பக்கத்து மெஷின்காரரைப் பார்த்துச் செய்ய வேண்டும், தப்பினால் "எத்தனை தடவை சொல்றது" என்று வரும்.

அவர்கள் நம் உச்சரிப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. மூக்கால் பேசுகிறோம் என்றே சொல்லக்கூடும். அவர்கள் தமிழ் பேசினால் சினிமாவில் அது காமெடி டிராக். இதே கொங்குத் தமிழும் ஒரு காலத்தில் சினிமாவுக்குச் சிரிப்புச் சரக்காகவே இருந்தது. 1995-இல் ‘சதி லீலாவதி’யில் கோவை சரளா அதற்கு ஒரு முழு மனுஷியின் கோபத்தையும் கண்ணீரையும் கொடுத்தபோது எங்கள் பக்கத்தில் அதைக் கொண்டாடியதன் காரணம், எங்கள் ஓசைக்கு அங்கே ஓர் ஆள் கிடைத்தார் என்பதுதான். ஒடியாக்காரரின் தமிழுக்கு அப்படி ஓர் ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

திருப்பூருக்கு நாவல்கள் இருக்கின்றன. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யில் சாயத் தண்ணீர் வந்துவிட்டது. எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யில் பனியன் தொழிலோடு ஏறி இறங்கும் நண்பர்களின் வாழ்க்கை வந்துவிட்டது. அடுத்து எழுத வருகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த மாடிப்படியை. ஒரே கட்டடம். மேலே ஒருவர் ஸ்பீக்கரில் ஒரு ட் விழுந்ததா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது கேனா, கேன்ட்டா என்பதைப் பொறுத்து, கீழே ஒருவருக்கு இன்றைக்கு இரவு ஓவர்டைம் உண்டு அல்லது நாளைக்கு வேலை இல்லை. அந்தச் செய்தியும் அவருக்குப் பாதிதான் புரியும் தமிழில் சொல்லப்படும். இந்தக் கதையில் வில்லன் தேவையில்லை. அமெரிக்கரைக் கேலி செய்ய வேண்டியதும் இல்லை. அவர் அவருடைய ஊர்ப் பேச்சைப் பேசுகிறார், நாம் நம்முடையதைப் பேசுவது போல.

யாராவது ஒருவர் ‘மறுபடி சொல்லுங்க’ என்று கூச்சமில்லாமல் கேட்கவும், எதிரில் இருப்பவர் எரிச்சல்படாமல் மெதுவாகத் திரும்பச் சொல்லவும் ஒரு காட்சி வந்தால் போதும். எங்கள் கம்பெனிகளில் அப்படி நடக்கும் நாள்கள் உண்டு. அந்த நாள்களில் பீஸ் ரிஜெக்ட் ஆவதும் குறைவு.